புளியமரத்தில் ஏறியவர்

எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் கடையைப் பூட்டும்போது விளக்குமாற்றைக்கூட உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் பூட்டுவார். கல் உப்பு மூட்டை மட்டும் வாசலிலேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மழை வந்தால் மேலே ஒரு சாக்கைப் போடுவாரே தவிர, அதை அவர் உள்ளே இழுத்து வைத்து நான் பார்த்ததில்லை. உப்பை எவன் திருடப்போகிறான் என்று நினைத்திருப்பார். யாரும் திருடவும் இல்லை. ஆகவே, வெள்ளைக்காரன் காலத்தில் உப்புக்காக ஆட்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் நடந்தார்கள், அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. தங்கத்துக்காக என்றால் சரி. உப்புக்காகவா?

அப்போது எனக்குப் பத்து வயது. "வயித்துல இருக்கும்போதே எதுக்கு எதுக்குன்னு உதைச்ச கழுதை" என்று அம்மா என்னைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். டீச்சரிடம் கேட்டேன். உப்புக்கு வரி போட்டார்கள், அதனால் போராடினார்கள் என்றார். வரி என்றால் என்ன? அரசாங்கத்துக்குக் கொடுப்பது. எதற்குக் கொடுக்க வேண்டும்? உட்கார் என்றார்.

அப்பா கொஞ்சம் பொறுமைசாலி. கடலோரத்தில் வெயிலில் தானாக விளைந்து கிடக்கிற உப்பை யாரும் அள்ளக்கூடாது, அள்ளினால் குற்றம், சர்க்கார் வரி போட்டு விற்கிற உப்பைத்தான் வாங்க வேண்டும் என்று அவர் விளக்கினார். உப்பளத்தில் காவல் போட்டிருந்தார்களாம். யாரும் எடுத்துவிடக் கூடாது என்று, விளைந்த உப்பைச் சேற்றோடு மிதித்து அழித்தார்களாம். பூட்ஸ் போட்ட போலீஸ்காரர் உப்பை மிதித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கோபம் வருகிற விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெயிலுக்குப் போகிற அளவுக்குக் கோபம் வருமா என்கிற சந்தேகம் தீரவில்லை. சரி, உப்பு இல்லாமல் இருந்து பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்து, மறுநாள் காலையில் உப்பில்லாத இட்லியும் மத்தியானம் உப்பில்லாத தயிர்சோறும் சாப்பிட்டேன். சாயங்காலம் யாரோ கொடுத்த மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவியிருந்தது. என் போராட்டம் அதோடு முடிந்தது.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா அந்தச் செய்தியோடு வந்தார். என் அப்பாவின் தம்பி. நிலபுலத்தை அப்பா பார்த்துக்கொண்டார், ஊர்ப் பெருமையைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். பழைய உப்புப் போராட்டத்தின் நினைவாக ஒரு கூட்டம் அதே பாதையில் நடந்து வருகிறதாம். தஞ்சாவூரைத் தாண்டி, கும்பகோணம் ரோட்டில், பாபநாசத்துக்கு முன்னாலேயே இருக்கிற எங்கள் ஊர் வழியாகப் போகிறார்கள். மத்தியானச் சாப்பாடு நம் ஊரில், அது நம் வீட்டுப் பொறுப்பு என்று சித்தப்பா ஏற்றுக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு வாயெல்லாம் பல். அந்தக் காலத்தில் உதவி செய்த குடும்பங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்பதும் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

எங்கள் குடும்பம் என்ன உதவி செய்தது என்றால், அது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் தடவை அந்தக் கூட்டம் நடந்து வந்தபோது, அவர்களுக்குச் சோறு தண்ணீர் கொடுத்தால் ஜெயில் என்று வெள்ளைக்காரக் கலெக்டர் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் நேரில் கொடுக்காமல், சோற்றைப் பொட்டலம் கட்டி ரோட்டோரத்து மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். நடந்து வந்தவர்கள் மரத்திலிருந்து அவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள். மரம் சோறு போட்டால் கலெக்டர் மரத்தையா பிடித்துப் போவார்? எங்கள் ஊர்ப் புளியமரத்தில் அப்படிப் பொட்டலம் கட்டியவர் எங்கள் கொள்ளுத்தாத்தா என்பது குடும்பக் கதை.

கொள்ளுத்தாத்தா கூடத்தில் படமாக இருந்தார். தலைப்பாகை, கோட்டு, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. நாற்காலி அவரைத் தாங்க முடியாமல் தாங்கிக்கொண்டிருக்கும். அவர் ஊருக்குப் பட்டாமணியம், அதாவது ஊரில் எல்லோரிடமும் நிலவரியை வசூலித்து சர்க்காருக்குக் கட்டுகிறவர். நான் விடுவேனா?

"அவரு வரி வாங்கி யாருக்குக் குடுத்தாரு சித்தப்பா?"

"சர்க்காருக்கு."

"எந்த சர்க்கார்?"

"அப்ப இருந்த சர்க்கார்."

"வெள்ளைக்கார சர்க்காரா? உப்புக்கு வரி போட்டாங்களே, அவங்களா?"

"அது வேற வரி, இது வேற வரி" என்றார் சித்தப்பா. அம்மா அடுப்படியிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். அம்மா மாயவரத்துக்காரி. எங்கள் வீட்டுப் பெருமைகளை அவள் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பாள்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, அதையும் பழையபடி தைத்த இலையில் பொட்டலமாகக் கட்டி மரத்தில் தொங்கவிடுவது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் சரி. சமையல்காரர் அண்டாவை ஏற்றி உப்பைக் கையில் எடுத்தபோது சித்தப்பா ஓடிப்போய்த் தடுத்துவிட்டார். உப்பு வரியை எதிர்த்து நடந்தவர்களுக்கு, வரி கட்டின உப்பைப் போட்டா நம் தாத்தா சோறு கட்டியிருப்பார் என்று கேட்டார். அப்படியானால் அன்று சோற்றில் உப்பே இருந்திருக்காது, நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்றார். சமையல்காரர் அண்டாவைப் பார்த்தார். என்னைப் போன்ற ஒருத்திக்கு அது அபாரமான வாதமாகப் பட்டது, நான் கைதட்டினேன்.

"நடந்து வர்றவங்க பாவம்ங்க" என்றாள் அம்மா.

"பாவம்தான் அண்ணி. அந்தப் பாவத்தை உணரணும்னுதானே நடக்குறாங்க?"

அதற்கு முதல் நாளே ஒன்று நடந்தது. எங்கள் டிராக்டரை ஓட்டுகிறவரை நான் டிராக்டர் அண்ணன் என்பேன். முப்பது வயதிருக்கும், தெற்குத் தெருக்காரர். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எங்கள் வயலில் வேலை செய்தது. பந்தல் கால்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, அவர் சித்தப்பாவின் முன்னால் போய் நின்றார். நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன்.

"சின்னய்யா, நாளைக்கு மைக்ல பேசும்போது எங்க தாத்தா பேரையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சித்தப்பா பந்தல் காலை எண்ணிக்கொண்டிருந்தார். "பாக்கலாம்டா" என்றார்.

அண்ணன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். சித்தப்பா எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் அண்ணனும் நானும் பொட்டலங்களோடு புளியமரத்தடிக்குப் போனோம். சித்திரை மாதம், பள்ளிக்கூடம் லீவு. குடமுருட்டியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எட்டும்படி தாழத் தொங்கிய கிளைநுனியில் நான் ஒரு பொட்டலத்தைக் கட்டினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு ஆடு பின்னங்காலில் எழுந்து நின்று அதை இழுத்துவிட்டது. இலையைத் தின்றது, சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போனது. அதை நான் ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கீழ கட்டுனா ஆடு, நாய் எல்லாம் வரும் பாப்பா. மேலதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அடிமரம் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பருமன், முதல் கிளையே ஆள் உயரத்துக்கு மேல். அவர் ஏறுவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கூடத்துப் படம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கொள்ளுத்தாத்தா இதில் எப்படி ஏறினார்? கோட்டைக் கழற்றினாரா? தடியை யாரிடம் கொடுத்தார்?

மேலே பார்த்துக் கத்திக் கேட்டேன். அண்ணன் நாலு பொட்டலம் கட்டினார். நான் விடாமல் கேட்கவே, கிளையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"அவரு எங்க ஏறினாரு? எங்க தாத்தாதான் ஏறினாரு. சோறு உங்க வீட்டுச் சோறுதான், இல்லேங்கல. உங்க கொள்ளுத்தாத்தாதான் கட்டச் சொன்னாரு. மறுநாள் போலீசு வந்து கேட்டப்ப, எனக்கு ஒண்ணும் தெரியாது, இவன் செஞ்ச வேலைன்னு எங்க தாத்தாவைக் கையைக் காட்டிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, புடிச்சிட்டுப் போய்ட்டாங்க. மூணு மாசம் உள்ள இருந்தாரு."

எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சுவாரசியமாக இருந்தது. ஜெயிலுக்குப் போனவருடைய பேரனே கூப்பிடும் தூரத்தில் கிடைத்துவிட்டார், என் பழைய சந்தேகத்தை இவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

"உப்புக்காக ஜெயிலுக்குப் போனாரே, அவருக்குக் கோவம் வரலையா அண்ணே? உப்பு சும்மா கிடைக்கிறதுதானே?"

அவர் சிரித்தார். "உங்களுக்கு நெலம் இருக்கு, கிஸ்தி கட்டுனாங்க. எங்களுக்கு நெலமே இல்ல, எங்ககிட்ட என்னத்தைக் கேப்பான்? ஆனா கஞ்சிக்கு உப்பு வேணும்ல பாப்பா? வெயில்ல நின்னு வேலை செய்றவனுக்கு உப்பில்லாட்டி கையும் காலும் இழுத்துக்கும். அதுல வந்து வரி போட்டான். ஒண்ணுமே இல்லாதவன் வீட்டுக் கஞ்சியில கையை விட்டா சும்மா இருப்பானா?"

டீச்சரும் அப்பாவும் சொல்லாதது அதில் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வகுப்பில் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

நடைக்காரர்கள் உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைச் சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. மரத்தில் தொங்கிய பொட்டலங்களைப் பார்த்ததும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள். அண்ணன் ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினார். முதல் வாய் வைத்ததும் மென்றுகொண்டே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை ஏற்று வந்த கதர்ச்சட்டைப் பெரியவர் ரொம்ப மரியாதையாக, கொஞ்சம் உப்பு கிடைக்குமா என்று கேட்டார். சித்தப்பா எழுந்து தன் வாதத்தை முழுக்கச் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடந்தவங்க யாரும் உப்பை விட்டுடலீங்களே. உப்பு வேணும்னுதானே நடந்தாங்க?" என்றார். சித்தப்பாவுக்கு அசடு வழிந்தது. அதற்குள் அம்மா உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதை முன்கூட்டியே பந்தலுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. ஜாடி வரிசையில் போய், கடைசியில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணனிடம் வருவதற்குள் காலியாகிவிட்டது. அவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்ததை நான் பார்த்தேன்.

பிறகு மைக்கில் சித்தப்பா குடும்பக் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். கலெக்டர் உத்தரவு, இருட்டு, மரம், பொட்டலம், கொள்ளுத்தாத்தாவின் தைரியம். அண்ணனின் தாத்தா அந்தக் கதையில் எங்கும் வரவில்லை. மறந்துவிட்டார் போலும் என்று நான் நினைத்தேன். பொன்னாடை போர்த்தி, கைதட்டல் முடிந்ததும், பிள்ளைகள் யாராவது கேள்வி கேட்கலாம் என்று பெரியவர் சொன்னார். எனக்காகவே சொன்னது மாதிரி இருந்தது. எழுந்து நின்றேன்.

"எங்க கொள்ளுத்தாத்தா ரொம்ப குண்டா இருப்பாரு. அவரு எப்படி மரத்துல ஏறினாரு?"

பந்தலே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். "ஆள் விட்டு ஏத்தினாரும்மா" என்றார்.

பெரியவர் விடவில்லை. "அந்த ஆளு யாருங்க? அவங்க குடும்பத்துல யாராச்சும் இங்க இருந்தா சொல்லுங்க. இன்னொரு பொன்னாடை இருக்கு, அவங்களுக்கும் போட்டுடுவோம்."

சித்தப்பாவின் கண் ஒரு தடவை மரத்தடிக்குப் போய் வந்தது. அண்ணன் அங்கே கயிற்றைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அது யாருக்குங்க தெரியும்? அந்தக் காலத்துல எத்தனையோ ஆளுங்க நம்மகிட்ட வேலை பாத்தாங்க."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா பாப்பா?"

எனக்குத் தெரியும். வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அண்ணன் என்னைப் பார்த்து, மெல்ல, ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. முதல் நாள் சித்தப்பாவிடம் அவ்வளவு நேரம் நின்று கேட்டவர் இப்போது ஏன் வேண்டாம் என்கிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஏதோ ரகசிய விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ரகசியம் காத்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அண்ணன் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. டிராக்டர் கொட்டகையிலேயே நின்றது. "திமிரு" என்றார் சித்தப்பா. அப்பா டிராக்டர் சாவியை ஆணியில் மாட்டினார், அம்மா அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. வெயிலில் மரம் ஏறியவருக்கு உப்பில்லாத சோற்றைக் கொடுத்துவிட்டோம். ஜாடியும் காலி. உப்பில்லாவிட்டால் கையும் காலும் இழுத்துக்கொள்ளும் என்று அவரே சொல்லியிருந்தாரே. படுத்திருப்பார், அல்லது கோபமாக இருப்பார்.

ஒரு காகிதத்தில் கல் உப்பை மடித்துக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை. திருப்பூருக்கு வேலை தேடிப் போயிருந்தார். அவருடைய அம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா கையில?"

"உப்பு. அண்ணனுக்கு. அன்னைக்குச் சோத்துல உப்பில்லைன்னுதானே அண்ணன் வரலை?"

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "உப்பு எங்க வீட்லயும் இருக்கு பாப்பா. நீ பத்திரமா எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

வந்தது வந்துவிட்டேன், சும்மா திரும்புவேனா? பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். அவர் இவருக்கு மாமனார் முறை. மரத்தில் கட்டெறும்பு இருந்ததா? இருந்ததாம். ஜெயிலிலிருந்து எப்படி வந்தார்? நடந்தே வந்தாராம். வந்த மறுநாள் எங்கே போனார்? உங்கள் வயலுக்குத்தான், நாற்றுப் பறிக்க. ஜெயிலில் போட்ட சோற்றில் உப்பு இருந்ததா?

"போட்டிருப்பாங்க பாப்பா" என்றார் அவர். "சர்க்கார் உப்பு."

கேட்டது அத்தனைக்கும் பதில் கிடைத்த திருப்தியோடு, உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உலகத்தில் உள்ளதையெல்லாம் நோண்டி நோண்டிக் கேட்ட எனக்கு, அவருடைய பெயர் என்ன என்று கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.